300 லிட்டரில் ஒரு பீர் ஆலை பிழைக்குமா?

கேள்வி: பல ஆண்டுகளாக வீட்டில் 20 லிட்டர் அளவில் பீர் தயாரித்து வருகிறேன். குடித்துப் பார்த்த நண்பர்களும், எனக்குத் தெரிந்த உணவக உரிமையாளர்கள் சிலரும், இதை விற்பனைக்குக் கொண்டுவரச் சொல்கிறார்கள். மூடப்பட்ட ஓர் ஆலையிலிருந்து 300 லிட்டர் காய்ச்சும் கலன்களும், அதே அளவுக்கான நான்கு நொதிகலன்களும் விலைக்கு வந்திருக்கின்றன. எங்கள் சேமிப்பில் பாதியைக் கொடுத்தால் அவற்றை வாங்கிவிடலாம். மீதிப் பணத்தில் ஒரு வாடகை இடம் பிடித்து, வேலையை விட்டுவிட்டு, முதலில் உணவகங்களுக்குக் கெக்குகளில் (பெரிய உலோகப் பீப்பாய்களில்) விற்று, பிறகு மெல்ல மெல்லப் பெருக்கலாம் என்பது என் திட்டம். என் மனைவி தயங்குகிறார். பணம் போதுமா? வேலையை விடலாமா?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

வணக்கம். நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். நீங்கள் வகுத்திருக்கும் திட்டத்துக்கு இந்தப் பணம் போதாது. இப்போதைக்கு வேலையை விட வேண்டாம். உங்கள் மனைவியின் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. அதற்காக, பீர் ஆலை நடத்தும் எண்ணத்தையே கைவிடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. உங்கள் திட்டத்தின் இரண்டு பகுதிகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்பதுதான் சிக்கல். 300 லிட்டர் ஆலை ஒரு வகை வியாபாரத்துக்குச் சரிவரும். உணவகங்களுக்குக் கெக் விற்பது முற்றிலும் வேறு வகை வியாபாரம். முதலாவதன் கருவிகளைக் கொண்டு இரண்டாவதைச் செய்ய முனைந்தால், எவ்வளவு உழைத்தாலும் கையில் ஒன்றும் தங்காது. ஆலை அமைப்பு, கருவித் தேர்வு ஆகியவற்றில் ஆலோசனை சொல்வதே என் தொழில் என்பதால், இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் உழைப்பின் கணக்கைப் பார்ப்போம். மால்ட்டை (முளைகட்டி உலர்த்திய தானியத்தை) அரைத்து, 65 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, அந்த இனிப்புச் சாற்றை வடித்து, ஹாப்ஸ் (கசப்பும் மணமும் தரும் பூ) சேர்த்து ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் கொதிக்கவிட்டு, குளிர்வித்து நொதிகலனுக்கு அனுப்பி ஈஸ்ட் சேர்த்து, பிறகு எல்லாவற்றையும் கழுவி முடிக்க எட்டு முதல் பத்து மணி நேரம் ஆகும். 300 லிட்டர் காய்ச்சினாலும் 1,000 லிட்டர் காய்ச்சினாலும் இந்த நேரத்தில் பெரிய வேறுபாடு இல்லை. ஊறவும் கொதிக்கவும் ஆகும் நேரத்தை வேதியியல் முடிவு செய்கிறது. கலனின் அளவுக்கு அதில் பங்கில்லை. ஆகவே சிறிய ஆலையில் ஒவ்வொரு லிட்டருக்கும் விழும் கூலி, பெரிய ஆலையில் விழுவதைப் போல மூன்று நான்கு மடங்காக இருக்கும். அந்தக் கூலியை இப்போது நீங்கள் கணக்கில் எழுதவில்லை, ஏனென்றால் அது உங்கள் சொந்த உழைப்பு. சம்பளம் நின்ற பிறகு அதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

வாரத்துக்கு இரண்டு முறை காய்ச்சி, ஆண்டுக்கு ஐம்பது வாரம் ஓட்டினால் 30,000 லிட்டர் வரும். இதில் ஈஸ்ட் வண்டலோடு போவது, ஹாப்ஸ் உறிஞ்சிக்கொள்வது, குழாய்களில் தங்குவது, கெக் நிரப்பும்போது நுரையாகப் போவது என்று 15 சதவீதத்தைக் கழித்துவிடுங்கள். புதிதாகத் தொடங்கும் சிறிய ஆலைக்கு இது மிகையான கழிவு அல்ல. மிஞ்சுவது 25,500 லிட்டர், அதாவது 50 லிட்டர் கெக்குகளாக 510. வாரத்துக்கு ஏறக்குறைய பத்துக் கெக். வாடகை, மின்சாரம், மால்ட், ஹாப்ஸ், வரி, கடன் தவணை, பழுது, உங்கள் குடும்பச் செலவு அத்தனையும் அந்தப் பத்துக் கெக்குகளிலிருந்து வரவேண்டும்.

ஆனால் அந்தப் பத்தும் உங்களுக்குக் கிடைக்காது. ஏல் வகைப் பீர் (சற்று வெதுவெதுப்பில் விரைவாக நொதிப்பது) நொதித்து, தெளிந்து, குளிர்ந்து, கலன் கழுவப்பட்டு அடுத்த சரக்குக்குத் தயாராக மூன்று வாரம் என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பான கணக்கு. நான்கு கலன்கள் இருந்தால் மூன்று வாரத்துக்கு நான்கு முறைதான் காய்ச்சலாம். வாரத்துக்கு இரண்டு முறை காய்ச்ச ஆறு கலன்கள் வேண்டும். நான்கைக் கொண்டு ஆண்டுக்கு 66 முறை காய்ச்சினால், கழிவு போக 17,000 லிட்டரை ஒட்டிய பீர், அதாவது வாரத்துக்கு ஏழு கெக்குக்கும் சற்றுக் குறைவு. லாகர் வகைப் பீர் (குளிரில் மெதுவாக நொதிப்பது) ஐந்து ஆறு வாரம் கலனை அடைத்துக்கொள்ளும் என்பதால், அதை மட்டுமே செய்தால் இந்த அளவும் பாதியாகிவிடும். கொதிக்கவைக்கும் கலனின் அளவைப் பார்த்து ஆலையின் திறனைக் கணிப்பது புதியவர்கள் பலரும் செய்வது. ஆலையின் திறன் நொதிகலன்களிலும், அவற்றைக் குளிர்விக்கும் இயந்திரத்திலும், குளிர் அறையிலும் இருக்கிறது. பணமும் பெரும்பாலும் அங்கேதான் போகும்.

இந்த இடத்தில் பழைய வரலாறு ஒன்றைச் சொல்வது பொருத்தமாக இருக்கும். 1976-இல் அமெரிக்காவின் சோனோமாவில் ஜாக் மக்காலிஃப் என்பவர் நியூ ஆல்பியன் என்ற சிறு ஆலையைத் தொடங்கினார். பழைய பால்பண்ணைக் கலன்களையும் உலோகப் பீப்பாய்களையும் வாங்கித் தாமே பொருத்தி, ஒரு முறைக்கு 200 லிட்டருக்கும் குறைவாகக் காய்ச்சினார். இன்றைய சிறு ஆலைகளின் முன்னோடியாகக் கருதப்படும் அந்த ஆலை 1982-இல் மூடப்பட்டது. பீரை விரும்பிக் குடித்தவர்கள் இருந்தார்கள். ஆனால் அந்த அளவில் காய்ச்சி ஆலையால் பிழைக்க முடியவில்லை, பெரிதாக்கப் பணம் தர யாரும் முன்வரவில்லை. அதே காலத்தில், 1980-இல், கென் கிராஸ்மன் சியெரா நெவாடாவைத் தொடங்கியபோது அவரும் பால்பண்ணைக் கலன்களைத்தான் பயன்படுத்தினார். ஆனால் ஒரு முறைக்குப் பத்து பேரல், அதாவது ஏறத்தாழ 1,170 லிட்டர் காய்ச்சும்படி அமைத்தார். அந்த ஆலை இன்றும் இயங்குகிறது. அளவு ஒன்றே இதற்குக் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் சரக்கை வெளியே மொத்த விலைக்கு விற்க நினைப்பவர் இந்த இரு ஆலைகளின் கலன் அளவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்ப்பது நல்லது.

அடுத்து, நீங்கள் "இடம் பிடிப்பது" என்று ஒரே வரியில் முடித்துவிட்ட செலவு. என் அனுபவத்தில் திட்டங்கள் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான். அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

தரையிலிருந்து தொடங்குகிறேன். பீர் ஆலையின் தரையில் நாள் முழுவதும் நீர் ஓடும், கொதிநீர் கொட்டும், காஸ்டிக் சோடாவும் அமிலமும் வழியும், பீரே புளிப்புத்தன்மை உடையது. சாதாரண சிமென்ட் தரை சில மாதங்களிலேயே அரித்துப் பள்ளம் விழும், அந்தப் பள்ளத்தில் தேங்கும் இனிப்பு நீரில் கிருமிகள் வளரும். எனவே வடிகாலை நோக்கிச் சரிவுள்ள, வெப்பத்தையும் அமிலத்தையும் தாங்கும் யூரித்தேன் சிமென்ட் போன்ற பூச்சுள்ள தரை வேண்டும். ஏற்கெனவே உள்ள தளத்தை வெட்டி வடிகால் பதித்து மறுபடி பூசும் வேலை, நீங்கள் வாங்க நினைக்கும் பழைய கலன்களின் விலைக்கு ஈடாக வந்துவிடுவது அரிதல்ல. வாடகை இடம் என்றால், ஒப்பந்தம் முடிந்ததும் அந்தத் தரை உரிமையாளருக்குப் போய்விடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பிறகு தண்ணீர். நன்றாக நடக்கும் பெரிய ஆலைகள் ஒரு லிட்டர் பீருக்கு மூன்று நான்கு லிட்டர் நீரில் முடித்துக்கொள்கின்றன. சிறிய ஆலையில் ஏழு முதல் பத்து லிட்டர் வரை போகும். எட்டு லிட்டர் என்றே வைத்துக்கொண்டால், ஒரு முறை காய்ச்சுவதற்கு 2,400 லிட்டர் நீர் வேண்டும். அதில் ஏறத்தாழ 2,000 லிட்டர் சாக்கடைக்குப் போகும். வீட்டுக் கழிவுநீரைப் போல அது எளிதானது அல்ல. சர்க்கரையும் ஈஸ்ட்டும் கலந்த இந்நீர் சுத்திகரிப்பு நிலையத்தின் ஆக்சிஜனைத் தின்றுவிடும். தூக்கி ஊற்றப்பட்ட பீர், வீட்டுக் கழிவுநீரைப் போல நூறு மடங்குக்கும் அதிகமான சுமையைத் தருவது. எனவே, அமில கார அளவைச் சரிசெய்யும் தொட்டியை அமைக்க வேண்டும் என்றும், ஈஸ்ட் வண்டலைத் தனியே சேர்த்து அப்புறப்படுத்த வேண்டும் என்றும் உள்ளாட்சி அமைப்புகள் நிபந்தனை போடலாம். இதை இடம் எடுத்த பிறகு தெரிந்துகொள்வது மிகவும் தாமதம்.

மின்சாரத்துக்கு ஒரு சிறு கணக்கு. 400 லிட்டர் நீரை 20 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுவர ஏறக்குறைய 37 யூனிட் மின்சாரம் வேண்டும். அதை ஒரு மணி நேரத்தில் செய்ய நினைத்தால் 37 கிலோவாட் இணைப்பு வேண்டும். மூன்று மணி நேரம் காத்திருக்க முடியுமானால் 13 கிலோவாட் போதும், ஆனால் உங்கள் நாள் அவ்வளவுக்கு நீளும். இதற்கு மேல் கிளைக்கால் சில்லர் (நொதிகலன்களைச் சுற்றிக் குளிர்ந்த திரவத்தை ஓட்டும் இயந்திரம்), குளிர் அறை, பம்புகள் எல்லாம் ஓடவேண்டும். த்ரீ ஃபேஸ் இணைப்பு இல்லாத கட்டடத்தில் புதிதாகக் கேட்டால் பணமும் ஆகும், மாதக்கணக்கும் ஆகும். சில்லரைச் சிறியதாக எடுத்துச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னும்போது உண்டாகும் வெப்பம் வெளியேறாவிட்டால் பீரின் வெப்பநிலையைப் பத்து டிகிரிக்குமேல் உயர்த்திவிடும். 20 லிட்டர் பாத்திரம் தன் மேற்பரப்பு வழியாகவே குளிர்ந்துவிடும். 300 லிட்டர் கலன் குளிராது. வீட்டில் உங்களுக்குத் தானாக வந்த சுவை இங்கே வராமல் போவதற்கு முதற்காரணம் இதுவாகவே இருக்கும்.

சுத்தம் செய்வதைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. பீர் ஆலையில் வேலை செய்யும் யாரைக் கேட்டாலும், காய்ச்சும் நேரத்தைவிடக் கழுவும் நேரமே அதிகம் என்பார்கள். 2 சதவீதக் காஸ்டிக் கரைசலைச் சூடாகச் சுழற்றி, அலசி, அமிலத்தால் கழுவி, நிரப்புவதற்குச் சற்று முன் பெராசெட்டிக் அமிலத்தால் கிருமி நீக்கி, ஒவ்வொரு கேஸ்கெட்டையும் கழற்றிப் பார்த்து மறுபடி பூட்டும் வேலை அது. அழுக்கு கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருக்காது. மாதிரி எடுக்கும் வால்வின் உள்ளே, குழாய் இணைப்பில் விரல் நகம் புகும் அளவு இடுக்கில், சற்றே வெடித்த ரப்பர் வளையத்தில் இருக்கும். 1883-இல் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் ஈஸ்ட்டை ஒற்றைச் செல்லிலிருந்து தூய்மையாக வளர்த்துக் காட்டியதற்கே, காட்டு ஈஸ்ட் கலந்து பீர் கெட்டுப்போனதுதான் காரணம். அவ்வளவு பெரிய ஆலைக்கே வந்த தொல்லை அது. இன்றும் டயஸ்டேட்டிகஸ் வகை ஈஸ்ட் ஒன்று புகுந்துவிட்டால், மற்ற ஈஸ்ட்கள் தின்னாமல் விட்ட மாவுச்சர்க்கரையையும் அது தின்று, கடையில் இருக்கும் கேனையும் பாட்டிலையும் வெடிக்க வைக்கும். திரும்பப் பெறும் செலவு ஒருபுறம். யாருக்காவது காயம் பட்டால் அதற்கு நீங்கள்தான் பொறுப்பு.

இரண்டு ஆபத்துகளைக் குறிப்பாகச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 300 லிட்டர் பீர் நொதிக்கும்போது ஏறத்தாழ 12 கிலோ கரியமில வாயு வெளிவருகிறது. அதன் கன அளவு 6,000 லிட்டருக்கு மேல். காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமான அந்த வாயு தரையோடு படிந்து கிடக்கும், நிறமோ எச்சரிக்கும் வாசனையோ இருக்காது. மூடிய அறையில் அது 4 சதவீதத்தை எட்டினால் உயிருக்கு உடனடி ஆபத்து. வாயு அளவைக் காட்டி ஒலிக்கும் கருவியும் காற்றோட்டமும் இல்லாமல் ஒரு நாள்கூட ஆலையை ஓட்டாதீர்கள். மயங்கி விழுந்தவரைத் தூக்கப் போனவரும் அங்கேயே விழுந்த துயரங்கள் இத்தொழிலில் உண்டு. இரண்டாவது, அதே வாயு நிறைந்திருக்கும் கலனுக்குள் காஸ்டிக் கரைசலை அனுப்புவது. காஸ்டிக் அந்த வாயுவை உடனே உறிஞ்சிக் கார்பனேட்டாக மாற்றிவிடும். கலனுக்குள் வெற்றிடம் உண்டாகும். உள்ளழுத்தத்தைத் தாங்கக் கட்டிய எஃகுக் கலன் வெளியழுத்தத்தைத் தாங்காமல் உள்ளே நசுங்கிவிடும். சூடாகக் கழுவிய கலனை மூடியபடியே குளிர்ந்த நீரால் அலசினாலும் இதே கதி. நீங்கள் பார்த்திருக்கும் நான்கு கலன்களிலும் வெற்றிடத் தடுப்பு வால்வு இருக்கிறதா, அது ஒட்டிக்கொள்ளாமல் வேலை செய்கிறதா என்று கையால் அழுத்திப் பாருங்கள்.

இனி விற்பனை. வாடிக்கையாளர் உணவகத்தில் ஒரு குவளைக்குக் கொடுக்கும் பணத்தில், மொத்த விலைக்கு விற்ற ஆலையின் கைக்கு வந்து சேர்வது பெரும்பாலும் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டுவதில்லை. நடுவில் விநியோகஸ்தர் இருந்தால் இன்னும் குறையும். கலால் வரியும் அதிலிருந்தே போகவேண்டும். மேலும் வாரத்துக்குப் பத்துக் கெக் விற்கப் பத்துக் கெக் மட்டும் வைத்திருந்தால் போதாது. நிரப்பிய கெக் குளிர் அறையில் ஒரு வாரம், உணவகத்தில் முறை வந்து தீர்ந்து முடிய மூன்று வாரம், நீங்கள் போய் எடுத்து வர ஒரு வாரம், கழுவ ஒரு வாரம் என்று ஆறு வாரம் சுற்றும். அறுபது கெக் சொந்தமாக இருந்தால்தான் பத்து ஓடும். சில திரும்பி வராது. நிரம்பிய 50 லிட்டர் கெக் 60 கிலோவைத் தாண்டும். அதை மாடிப்படியில் இறக்குவதும் ஏற்றுவதும் நீங்கள் அல்லது நீங்கள் சம்பளம் கொடுக்கும் ஒருவர். உங்களைப் பாராட்டிய உணவக உரிமையாளர்களிடம் போய், இந்த விலைக்கு, மாதத்துக்கு இத்தனை கெக், குழாய் கழுவும் வேலை யாருடையது, பணம் எத்தனை நாளில் என்று கேட்டு எழுதி வாங்க முடிகிறதா என்று பாருங்கள். சுவையைப் பாராட்டியவர்களில் எத்தனை பேர் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பீரை எடுத்துவிட்டு உங்களுடையதை வைப்பார்கள் என்பது அப்போதுதான் தெரியும்.

கேனில் அடைத்து விற்கும் யோசனையை முதல் இரண்டு ஆண்டுகளுக்குத் தள்ளிவையுங்கள். அடைக்கும்போது உள்ளே புகும் ஆக்சிஜனை நூறு கோடியில் ஐம்பது பங்கு என்ற அளவுக்குள் வைத்திருக்க முடியாவிட்டால், நல்ல பீரும் சில வாரங்களில் நனைந்த அட்டை வாசனை அடிக்கும். அதை அளக்கும் கருவியே சிறிய ஆலைக்குப் பாரமான விலை.

பணத்தின் ஓட்டத்தை ஒரு முறை நிதானமாக எண்ணிப் பாருங்கள். மால்ட்டும் ஹாப்ஸும் முன்கூட்டியே வாங்க வேண்டும். மூன்று வாரம் கலனில், ஒரு வாரம் குளிர் அறையில், அதன்பின் உணவகத்துக்கு முப்பது நாள் கடன், அந்த முப்பது நாற்பத்தைந்தாகும். ஆக, இன்று போட்ட பணம் திரும்பி வரப் பத்து வாரம் ஆகிவிடும்; அதற்குள் அடுத்தடுத்துக் காய்ச்சிக்கொண்டே இருக்கவேண்டும். பல நாடுகளில் சரக்கு ஆலை வாசலைத் தாண்டியவுடனே கலால் வரிப் பொறுப்பு தொடங்கிவிடும். உணவகம் உங்களுக்குப் பணம் கொடுத்ததா என்று வரித்துறை பார்க்காது. இதற்கெல்லாம் முன்பாக, உரிமம் வருவதற்கு இடம் கையில் இருக்கவேண்டும் என்பதால், ஒரு சொட்டு பீர் விற்காமலே பல மாதம் வாடகை கொடுக்க நேரும். இதனால்தான் கருவிகளுக்குச் சேமிப்பில் பாதி என்ற உங்கள் பங்கீடு என்னைக் கவலைப்பட வைக்கிறது. கருவிகளுக்கு ஒரு பங்கு என்றால், கட்டட வேலைக்கும் இணைப்புகளுக்கும் இன்னொரு பங்கு, கெக், சில்லர், குளிர் அறை, உரிமம், எதிர்பாராத செலவு ஆகியவற்றுக்கு ஒரு பங்கு, முதல் ஆண்டை விற்பனை குறைவாக இருந்தாலும் தாக்குப்பிடிக்க ஒரு பங்கு என நான்காகப் பிரித்து வைப்பது என் பரிந்துரை. பழைய கருவி வாங்குகிறவருக்கு முதல் பங்கு குறையும். மற்ற மூன்றும் குறையாது.

அப்படியானால் 300 லிட்டர் ஆலை எதற்கு உதவும்? ஆலையை ஒட்டியே அமர்ந்து குடிக்கும் இடம், அதாவது டேப்ரூம், வைப்பவருக்கு உதவும். அதே நான்கு கலன்களின் 17,000 லிட்டரை அரை லிட்டர் குவளைகளாக ஊற்றினால் 34,000 குவளை. குவளை விலை முழுவதும் உங்கள் கல்லாவுக்கு வரும். பணம் அன்றே வரும். கெக் ஊர் சுற்றாது. தெளிந்த பீரைச் சேர்த்து வைக்கும் பிரைட் டேங்கிலிருந்தே நேராக ஊற்றலாம் என்பதால் கெக் கழுவும் வேலையும் பெருமளவு குறையும். வாரத்துக்கு ஒரு புதிய வகை என்று மாற்றிக் காட்டுவதற்குச் சிறிய கலன் வசதியும் கூட. ஆண்டில் 300 நாள் திறந்தால் நாளுக்கு 113 குவளை ஊற்றவேண்டும். நீங்கள் பார்த்திருக்கும் இடத்துக்கு மழை நாளிலும் வார நடுவிலும் அத்தனை பேர் வருவார்களா என்பதே அப்போது உங்கள் கேள்வி. அதற்கு விடை பீரைவிட, இடத்தின் அமைவிலும், உணவிலும், பரிமாறும் ஆட்களிலும் இருக்கும். வாடகை கூடும், ஆட்களின் சம்பளம் சேரும், கழிப்பறையும் தீயணைப்பு ஏற்பாடும் வேண்டும். நீங்கள் தேடியது தொழிற்பேட்டையில் மலிவான ஒரு கொட்டகை என்றால் இது அங்கே நடக்காது. உங்கள் பகுதியின் சட்டம் ஆலையிலேயே ஊற்றி விற்க அனுமதிக்காவிட்டால், இந்தக் கருவிகளை வாங்கவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

உங்கள் மனம் கெக் வியாபாரத்திலேயே இருக்கிறது என்றால் இன்னொரு வழியும் உண்டு. மற்றோர் ஆலையின் காலியாக இருக்கும் கலன்களை வாடகைக்கு எடுத்து, உங்கள் செய்முறையை அங்கே காய்ச்சி, உங்கள் பெயரில் விற்பது. 2006-இல் டென்மார்க்கில் தொடங்கிய மிக்கெல்லர் என்ற பீர் நிறுவனம் பல ஆண்டுகள் சொந்த ஆலை இல்லாமல் இப்படித்தான் நடந்தது. லிட்டருக்குக் கிடைக்கும் லாபம் மெலிதாக இருக்கும், காய்ச்சும் தேதி உங்கள் விருப்பப்படி அமையாது. ஆனால் வேலையை விடாமலே, உணவகங்கள் உண்மையில் எத்தனை கெக் வாங்குகின்றன, எத்தனை நாளில் பணம் தருகின்றன என்பதை ஓர் ஆண்டில் தெரிந்துகொள்வீர்கள். அந்த ஆலையில் கழுவும் வேலைக்கும் கெக் நிரப்பும் வேலைக்கும் விடுமுறை நாள்களில் கூலியின்றியாவது போய் நில்லுங்கள். ஈர பூட்ஸோடு பத்து மணி நேரம் நின்று, 65 கிலோ மால்ட்டின் சூடான சக்கையை மண்வெட்டியால் வாரி வெளியே போட்ட பிறகும் இந்தத் தொழில் பிடித்திருந்தால், அந்தப் பிடிப்பை நான் நம்புவேன். நாள்தோறும் சுவை பார்க்கவேண்டிய தொழில் என்பதால் குடிப்பழக்கம் அறியாமல் கூடும் ஆபத்தும் இதில் உண்டு. சுவைத்துத் துப்பும் பழக்கத்தை முதல் நாளே கொண்டுவந்துவிடுங்கள்.

விலைக்கு வந்திருக்கும் கருவிகளைப் பற்றி. உடனே முன்பணம் கொடுக்காதீர்கள். கலன்களின் குளிரூட்டும் உறையில் அழுத்தச் சோதனை செய்து கசிவு இல்லை என்று பார்க்கவேண்டும். உட்புற வெல்டிங் வழவழப்பாக இருக்கிறதா, குழிகளோ துரு நிறமோ தெரிகிறதா என்று கதவைத் திறந்து விளக்கடித்துப் பாருங்கள். அழுத்தக் கலன்களுக்குச் சோதனைச் சான்றிதழ் இருக்கிறதா, இணைப்புகள் எல்லாம் ஒரே தரத்தவையா, மோட்டார்கள் உங்கள் மின்னழுத்தத்துக்குப் பொருந்துமா என்பவற்றையும் எழுதி வாங்குங்கள். வடிகாலுக்கும் மின் இணைப்புக்கும் உரிமத்துக்கும் உரிய அலுவலகங்களிலிருந்து உங்கள் கட்டடத்தின் முகவரியைக் குறிப்பிட்டு எழுத்தில் பதில் வந்த பிறகே பணம் என்று விற்பவரிடம் சொல்லுங்கள். அதற்குள் வேறொருவர் வாங்கிவிட்டால் போகட்டும், இத்தகைய கருவிகள் சந்தைக்கு வந்துகொண்டே இருக்கும்.

விற்பவரிடம் இன்னொன்றும் கேளுங்கள். அந்த ஆலை ஓடிய கடைசி இரண்டு ஆண்டின் காய்ச்சல் பதிவேடு, தண்ணீர்க் கட்டணம், மின் கட்டணம், வரவேண்டிய பாக்கி ஆகியவற்றைப் பார்க்க அனுமதி கேளுங்கள். இதே கலன்களைக் கொண்டு இதே அளவில் காய்ச்சியவர் அவர். காட்டச் சம்மதித்தால், அந்த எண்களை உங்கள் கணக்கின் பக்கத்தில் எழுதி மறுபடி எனக்கு அனுப்புங்கள். உங்கள் மனைவியும் உடனிருந்து பார்க்கட்டும்.